தாய்க்கு என்ன ஆதாரம்

என் மாமனார் நஞ்சப்பனுக்கு ஜோசியத்தின் மேலும் லேமினேஷன் மேலும்தான் நம்பிக்கை. மனுஷர்கள் மேல் கிடையாது. ரேஷன் கார்டு, நிலவரிக் கரம் கட்டிய ரசீது, தோப்புப் பத்திரத்தின் நகல், எப்போதோ செத்துப்போன எருமைக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றுக்கும் மலையாளப் பக்கத்துச் சித்தூர் கடைவீதியில் கண்ணாடிக் காகிதம் போட்டு ஒரு பச்சை ஃபைலில் வைத்திருப்பார். அந்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வில்லேஜ் ஆபீஸ் படியேறுவதைப் பார்த்தால், கலெக்டரே இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துவிட்டார் என்று தோன்றும். உள்ளே போனதும் பியூனுக்குக்கூடக் கும்பிடு போடுவார்.

அந்த ஃபைலோடுதான் போன மாதம் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு எங்களை அனுப்பிவைக்க வந்தார். எங்களை என்றால் என்னையும் என் மகள் கௌசிகாவையும். அப்போது அவளுக்கு நாலு வயதும் நாலு மாசமும். என் புருஷன் ஆனந்தகுமார் அகமதாபாத்தில் ஒரு பம்பு கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். இப்போதுதான் கம்பெனியில் குடும்பத்தோடு இருக்க வீடு கொடுத்தார்கள். அதுவரை நான் சித்தூருக்குக் கிழக்கே நஞ்சப்பன் வீட்டில், நூற்றிருபது தென்னைகளுக்கும் இரண்டு மாடுகளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். புத்திசாலி.

நான் தேவிகுளத்துப் பக்கத்து எஸ்டேட்டுக்காரி. அப்பா வீரபாண்டிக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா சாந்தம்மாளுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. சித்தூர் காலேஜில் தமிழ் படிக்க வந்த இடத்தில் ஆனந்தகுமாரைப் பார்த்தேன். நன்றாகப் பாடுவான். பாடுகிறவனுக்கு முதுகெலும்பும் இருக்கும் என்று இருபது வயதில் நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று நஞ்சப்பன் தன் சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "மலைப்பக்கத்துப் புள்ளைங்க. ஆனா படிச்சதுங்க" என்றார். அந்த 'ஆனா'வை நான் இன்னும் மறக்கவில்லை.

கௌசிகா பிறந்த பதினாறாம் நாள் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு ஜோசியர் வந்தார். இரண்டு இளநீர் குடித்தார். கட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் ஜாதகம் தகப்பனுக்கு ஆகாது என்றார். பரிகாரமாக, அஞ்சு வயது முடியும்வரை பிள்ளை பெற்றவளை அம்மா என்றும் பெற்றவனை அப்பா என்றும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் தகப்பன் உயிருக்குக் கெடுதல்.

நம் ஆட்களிடம் இது புதிய விஷயம் ஒன்றும் இல்லை. பெற்ற அப்பனை மாமா என்று கூப்பிட்டே வளர்ந்து, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் மாமா என்றே கூப்பிடுகிறவர்கள் உண்டு. எங்கள் எஸ்டேட்டிலும் சொல்வார்கள். ஆனால் தொழிலாளர் லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு நாடகம் போட முடியும்? பிள்ளைக்குப் பசிக்கும், அம்மா என்று கத்தும், அம்மா ஓடிவருவாள், ஜாதகம் அதோடு முடிந்தது. நஞ்சப்பன் வீட்டில் ஏழு அறைகள் இருந்தன. நாடகத்துக்கு இடம் தாராளம்.

அன்றிலிருந்து நான் சித்தி, ஆனந்தகுமார் சித்தப்பா. குழந்தை முதன்முதலில் 'ம்மா' என்று வாயைக் கூட்டியபோது நஞ்சப்பன் அவள் உதட்டில் விரலால் சுண்டினார். மெதுவாகத்தான் சுண்டினார். அடுத்த தடவையும் மெதுவாகத்தான். மூன்று வயதில் அவளைத் தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காரணத்தையும் சொல்லிக் கொடுத்தார். "சித்தியை அம்மான்னு கூப்புட்டா சித்தப்பன் செத்துப்போயிருவான் கண்ணு." அன்று சாயங்காலம் பிள்ளை சோறு சாப்பிடவில்லை. தொழுவத்தில் மாடு ஒரு நாளைக்கு நாற்பது தடவை அம்மா என்று கத்தும். அதற்கு ஜாதகம் பார்க்க ஒருத்தரும் வரவில்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள், வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நானே, "சித்திகிட்ட வாடா தங்கம்" என்று கை நீட்டியிருக்கிறேன். புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில் விழும் என்ற பயம்தான். அவரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் போதாது, என்னையும் சேர்த்தேதான் திட்ட வேண்டும்.

அகமதாபாத் வீட்டுக்குச் சாவி வந்துவிட்டது என்று தெரிந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அங்கே போய் இறங்கியதும் முதல் வேலை, இவளை என்னை அம்மா என்று கூப்பிட வைப்பது. பாத்திரம் வாங்குவது, ஸ்கூல் தேடுவது, புருஷனோடு குடித்தனம் நடத்துவது எல்லாம் அதற்கு அப்புறம். என் மனசில் அந்த விமானம் அகமதாபாத்துக்குப் போகவில்லை, அந்தச் சொல்லுக்குத்தான் போனது.

நஞ்சப்பனுக்கு வாசனை பிடிக்கத் தெரியும். "அம்மிணி, நீ போறதுன்னாப் போ. கொழந்தை ஊட்லயே இருக்கட்டும். அஞ்சு வயசு முடிய எட்டு மாசந்தான இருக்குது" என்றார். எட்டு மாசம் முடிந்ததும் இங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டேன் என்பார். அப்புறம் பாதியில் மாற்றக் கூடாது என்பார். பிள்ளை பெரியவளாகிச் சடங்கு சுற்றும்வரை அவரிடம் காரணம் இருக்கும். நான் பிள்ளை இல்லாமல் ஒரு அடி நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் வீட்டில் பேச்சு இல்லை. அஞ்சாம் நாள் அவரே ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார்.

"சரி, கூட்டிட்டுப் போ. ஆனா ஏர்போர்ட்ல ஏதாச்சும் தடை வந்துச்சுன்னா அது சகுனம். கொழந்தை எங்கூடத் திரும்பி வந்துரோணும். சம்மதமா?"

ஆனந்தகுமாரிடம் போனில் கேட்டேன். நாலு வயதுப் பிள்ளை பெற்றவர்களோடு போனால் தனியாக எந்த அடையாளச் சீட்டும் கேட்க மாட்டார்கள், இரண்டு வயதுக்குள் இருக்கிற கைக்குழந்தைக்குத்தான் வயதுக்கு அத்தாட்சி கேட்பார்கள் என்று கம்பெனியில் விசாரித்துச் சொன்னான். அவன் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் மாமனாரிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குத் தனபால் காரை எடுத்தார். தனபால் எங்கள் பக்கத்து ஊர் டிரைவர், வாயைத் திறக்காத மனுஷர். முன்சீட்டில் நஞ்சப்பன், மடியில் பச்சை ஃபைல். வழியெல்லாம் ஃபைலின் பெருமைதான். "கொழந்தைக்கு எல்லா டாக்குமெண்ட்டும் கையில இருக்குது. ஒருத்தன் ஒரு கேள்வி கேக்க முடியாது." தேவைப்படாது மாமா என்று திருச்சூர் தாண்டுவதற்குள் மூன்று தடவை சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கௌசிகா என் மடியில் உட்கார்ந்து, "சித்தி, ஏரோப்ளேன்ல சன்னல் தொறக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

விமான நிலையத்தின் வாசலில் துப்பாக்கி மாட்டிய காவலர் ஒருவர் நின்றிருந்தார். சட்டையில் கோபிநாத் என்று பெயர். நான் என் ஆதாரையும் போனில் டிக்கெட்டையும் காட்டினேன். பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். போகலாம் என்று தலையை ஆட்டினார். நாங்கள் ஒரு காலை உள்ளே வைத்தாயிற்று.

"சார், ஒரு நிமிசமுங்க."

நஞ்சப்பன்தான். கம்பித் தடுப்புக்கு மேலே பாதி உடம்பைச் சாய்த்து ஃபைலை நீட்டிக்கொண்டிருந்தார். "கொழந்தைக்கு டாக்குமெண்ட் இருக்குதுங்க. பாத்துக்குங்க. எல்லாம் ஒரிஜினலுங்க."

என்னைத் தடுப்பதற்காகச் செய்தாரா, பெருமை தாங்காமல் செய்தாரா என்று பலர் கேட்டுவிட்டார்கள். பெருமைதான். அவ்வளவு தூரம் திட்டம் போடுகிற மூளை அவருக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. நாலு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஃபைலை ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லையே என்ற ஆதங்கம், வேறொன்றும் இல்லை.

நீட்டிய காகிதத்தைப் பார்க்காமல் விடுவதற்குக் கோபிநாத்துக்கு என்ன அவசியம்? வாங்கினார். முதலில் குழந்தையின் ஆதார். கௌசிகா என், கேர் ஆஃப் நஞ்சப்பன் என்று இருந்தது. போனில் இருக்கிற டிக்கெட்டை மறுபடி கேட்டார். அதில் கௌசிகா ஆனந்தகுமார்.

"இந்த 'என்' ஆரா?"

"நாந்தானுங்க" என்றார் நஞ்சப்பன், விருது வாங்க மேடைக்குக் கூப்பிட்ட மாதிரி.

அதுவும் ஜோசியர் சொன்னதுதான். தகப்பன் இனிஷியலைப் பிள்ளை சுமக்கக் கூடாதாம். அதனால் ஆ. கௌசிகாவாக வேண்டியவள் ந. கௌசிகா ஆனாள். தாத்தாவே தகப்பன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனந்தகுமாரிடம் சொன்னபோது, "ஒரு எழுத்துத்தான மாரி" என்றான்.

அடுத்த காகிதம் ஜனன சர்ட்டிஃபிக்கேட். அதில் தாயின் பெயராக என் பெயர் மாரீஸ்வரி, தகப்பன் பெயர் ஆனந்தகுமார், பிறந்த தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் இரண்டு கோடு மட்டும். பெயர் வைத்த பிறகு பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒரே காகிதத்தில் நிற்கக் கூடாதாம். கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று அதன் மேலேயே லேமினேஷன் போட்டுவிட்டார். இனி யார் நினைத்தாலும் எழுத முடியாது.

கோபிநாத் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். மாரீஸ்வரி என்ற பெண்ணுக்குப் பெயரில்லாத ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. கௌசிகா என்ற குழந்தை நஞ்சப்பன் என்பவரின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலம் எதுவும் இல்லை.

அவர் குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "மோளே, இது ஆரா?"

"சித்தி."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்போ அம்மா எவிடே?"

கௌசிகா தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாது என்று யாரோ மிரட்டிக் கூட்டிவந்த பிள்ளை என்று எந்தப் போலீசுக்கும் தோன்றும். உண்மையும் அதுதானே.

எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை என்னிடமிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்திருப்பாள். அவமானத்தில் என் காதெல்லாம் சுட்டது.

விமானக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டார்கள். ஷீனா என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, தமிழ் நன்றாகப் புரியும். அவளுக்கும் கோபிநாத்துக்கும் நான் விளக்கிச் சொன்னேன். ஜாதகம், தோஷம், அஞ்சு வயது, பரிகாரம். வீட்டுக்குள் நாலு வருஷமாகச் சட்டம் மாதிரி நின்ற விஷயம், அந்த வெளிச்சமான வாசலில் சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருந்தது தெரியுமா? பாதியிலேயே எனக்கு நாக்குக் குழறியது. கேட்கிறவர்களை விட எனக்குத்தான் என் மேல் சந்தேகம் வந்தது.

"சேச்சி, கவுண்டர் அடைக்க அரை மணி நேரம்தான் இருக்கு" என்றாள் ஷீனா. "குடும்பத்துல யாராவது ஒருத்தர் நீங்கதான் அம்மான்னு சொன்னாப் போதும். அந்த வல்லியச்சன் சொல்லட்டும்" என்று தாத்தாவைக் காட்டினாள்.

கோபிநாத் தடுப்பருகே போய் நஞ்சப்பனிடம் கேட்டார். "இவங்க குட்டியோட அம்மாவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

"என்ற மகன் சம்சாரமுங்க" என்றார் நஞ்சப்பன்.

"அது சரி. குட்டிக்கு ஆரு?"

"அதைய நாஞ் சொல்லப்படாதுங்க. கெரகம் சரியில்லைங்க. நீங்க டாக்குமெண்ட்டைப் பாத்துக்குங்க, எல்லாம் அதுலயே இருக்குதுங்க."

அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதர் வந்து கேட்கிறார். இது புரிகிற அளவுக்கு மாமனாரின் மண்டைக்குள் காற்றோட்டம் இல்லை. கோபிநாத் என் பக்கம் திரும்பிய இடைவெளியில், நஞ்சப்பன் தடுப்புக்கு மேலாகப் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார்.

"நாஞ் சொன்னனில்ல அம்மிணி. தடை வந்துருச்சு. கொழந்தையைக் குடு, நேரத்துக்கு ஊடு போய்ச் சேரலாம்."

"தடையை நீங்கதான கொண்டுவந்தீக" என்றேன். அவருக்கு நேர்நின்று அவரையே குற்றம் சொல்லி நான் பேசிய முதல் வாக்கியம் அது. அவர் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே நின்றார்.

ஆனந்தகுமாருக்கு வீடியோ கால் போட்டேன். கம்பெனி கேன்டீனில் இருந்தான். பின்னால் தட்டுச் சத்தம். போனைக் கோபிநாத் முகத்துக்கு நேராகக் காட்டினேன். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் என் புருஷன் எழுந்து நின்றான்.

"இவங்க யாரு உங்களுக்கு?"

"வைஃப் சார்."

"குட்டி?"

"நம்ம கொழந்தைதானுங்க சார்."

"அப்போ இவங்கதானே குட்டியோட அம்மா?"

என் புருஷன் மென்று விழுங்கினான். வாயில் சப்பாத்தி எதுவும் இல்லை, எச்சிலைத்தான் விழுங்கினான். சுற்றும் முற்றும் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "அப்படின்னு வெச்சுக்கலாமுங்க சார்."

எட்டு மணி நேரம் வலியெடுத்துப் பெற்றேன். சித்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இவன் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதான். அதை எல்லாம் சேர்த்து 'வெச்சுக்கலாம்' என்கிறான். ஷீனா என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காக வெட்கப்படும்போது அப்படித்தான் பார்ப்பாள். எனக்கு அந்த நிமிஷம் அவன் மேல் இருந்த மிச்ச மீதி மரியாதையும் போய்விட்டது. கோபம்கூட வரவில்லை. அசிங்கத்தை மிதித்துவிட்ட மாதிரி இருந்தது.

கோபிநாத் நல்ல மனுஷர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "நோக்கு, எனிக்கும் குட்டிகள் உண்டு. அது உங்க கையை விடாம நிக்கறது கண்டா மனசிலாவும். ஆனா நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா என்னோட ஜோலி. குட்டி ஒரு தடவை சொல்லட்டும். கேட்டா மதி, அது போதும், உள்ள விட்டுடறேன்."

நான் தரையில் மண்டி போட்டேன். என் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"கண்ணு, என்னைய அம்மான்னு கூப்பிடுத்தா."

அவள் தலையை ஆட்டினாள். வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. விரலிடுக்கு வழியாக ரகசியம் மாதிரி சொன்னாள். "சித்தப்பா செத்துப்போயிருவாருங்க."

"சாகமாட்டாரு. நம்ம ஆளுக சும்மா சொன்னது. இந்தா போன்ல பாரு, எப்படி இருக்காருன்னு பாரு. அவரைப் பாத்துக்கிட்டே சொல்லு. ஒண்ணும் ஆகாது."

போனை அவள் பக்கம் திருப்பினேன். அவள் வாயிலிருந்து கையை எடுப்பதற்குள் என் புருஷன் முந்திக்கொண்டான். "மாரி, வேண்டா மாரி. எட்டு மாசந்தான. வேற ஏதாச்சும் வழி இருக்குதான்னு கேளு. அடுத்த மாசம் டிக்கெட் போட்டுக்கலாம்."

"வாய மூடுங்க" என்றேன். வாசலே திரும்பிப் பார்த்தது.

கௌசிகா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். கையை மெல்ல வாயிலிருந்து எடுத்தாள். கண்ணை இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, வெந்நீரில் கால் வைக்கிற மாதிரி சொன்னாள்.

"அம்மா."

நாலு வருஷமும் நாலு மாசமும். மார்பு கனத்தது, பால் நின்று எத்தனையோ நாளான பிறகும். அந்தச் சந்தோஷத்தை நான் முழுசாக ஒரு மூச்சுகூட வைத்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நெட் கட்டாகி, படம் அப்படியே நின்றுவிட்டது. ஆனந்தகுமாரின் வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கண் மூடி, ஒரு கண் சொருகி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வீடியோ காலில் படம் நின்றால் யார் முகமும் அப்படித்தான் இருக்கும். அது நமக்குத் தெரியும்.

அவள் திரையைத் தொட்டாள். "சித்தப்பா" என்றாள். இன்னொரு தடவை தொட்டாள். முகம் அசையவில்லை.

அப்புறம் அவள் போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் கழுத்தில் பாய்ந்து விழுந்தாள். "அம்மா, அம்மா, நான் சொல்லிட்டேன் அம்மா, சித்தப்பா செத்துட்டாரு அம்மா, நாந்தாம்மா சொன்னேன்." கால்சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டாள். ஒரு தடவை கேட்டால் போதும் என்று சொன்ன மனிதருக்கு இருபது தடவை கேட்டுவிட்டது.

"மதி, மதி" என்றார் கோபிநாத். "போய்க்கோளூ, வேகம் போய்க்கோளூ." ஷீனா என் பையைத் தூக்கிக்கொண்டாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். பின்னாலிருந்து நஞ்சப்பன் குரல் கேட்டது. பேத்தியைக் கூப்பிடுகிறாரோ, மகனுக்கு என்ன ஆயிற்று என்று பதறுகிறாரோ என்று ஒரு நொடி நினைத்தேன்.

"சார், அந்த ஃபைலைக் குடுத்துருங்க சார். எல்லாம் ஒரிஜினலுங்க."

கவுண்டரில் ஷீனா போர்டிங் பாஸ் அடித்துக்கொண்டிருக்கும்போது போன் மறுபடி அடித்தது. எடுத்தேன். என் புருஷன் உயிரோடு, வேர்வையோடு, வலது கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றிருந்தான்.

"கேக்குதா? சொல்லிட்டாளா?" என்றான். பிள்ளை ஏன் அழுகிறாள் என்று கேட்கவில்லை. உள்ளே விட்டார்களா என்றுகூடக் கேட்கவில்லை. "எனக்கு இங்க என்னவோ ஒரு மாதிரி அடைச்சாப்பல ஆயிருச்சு மாரி. கரெக்டா அந்த நேரம் பாத்து நெட் கட்டாச்சு, பாத்தியா? அப்பன் சும்மா சொல்லல."

கௌசிகா என் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். அவனைப் பார்த்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விக்கலுக்கு நடுவில் சொன்னாள். "சித்தப்பா, இனிமே சொல்ல மாட்டேனுங்க. சாமி சத்தியமாச் சொல்ல மாட்டேனுங்க."

"நல்ல கண்ணு" என்றான் அவன். "சமத்துக் கண்ணு."

நான் பேச்சை வெட்டிப் போனை அணைத்துவிட்டேன். ஷீனா ஜன்னலோர சீட்டாகப் போட்டுக் கொடுத்தாள். கழிப்பறையில் பிள்ளைக்குக் கழுவி வேறு உடுப்பு மாற்றினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்தவள் முகமா என்று தெரியவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டேன். எதற்காகக் கொண்டுவந்தேனோ அதை வாசலிலேயே சாகடித்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே போய் இறங்கியதும் நிலையத்தில் ஒரு ஆம்பளை நிற்பான், நெஞ்சைத் தடவிக்கொண்டு. அவனோடு சேர்ந்துதான் இவளுக்கு இனி அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

விமானத்தில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பெல்ட் போட்டுவிட்டேன். மேலே ஏறிக் காது அடைத்தபோதுகூட அழவில்லை. பெரியாறும் ரப்பர்த் தோட்டங்களும் கீழே மறைந்து வெள்ளையாக மேகம் வந்த பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி."

"என்னடா?"

"ஒண்ணு கேட்டா வைய மாட்டீங்களே?"

"வைய மாட்டேன்."

அவள் முன்சீட்டில் யாராவது கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் காதுக்குள் வாயை வைத்துக் கேட்டாள்.

"சித்தப்பா நெசமாவே செத்துப்போனதுக்கு அப்பறம் உங்களை அம்மான்னு கூப்பிடலாமுங்களா?"

பதில் தெரியவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. தலைப்பால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மேகத்தைப் பார் என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன்.